காலை 11 மணிக்கு குவார்டெட் கச்சேரி, அதற்கு முன்னால் அரை மணி லெக்சர்: புதிதாகப் போகிறவன் எப்படிக் கேட்பது?

வழிப்போக்கன்:

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் கைக்கு வந்திருக்கிறது. வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் போக முடியவில்லை, என் தலையில் கட்டிவிட்டார்கள். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழக்கம் உண்டு, ராகம் கண்டுபிடிப்பதில் பாதி சரி பாதி தப்பு என்கிற அளவுக்கு. மேற்கத்திய சாஸ்திரிய இசையோ, சினிமாப் பின்னணி வழியாகக் காதில் விழுந்ததுதான், உட்கார்ந்து முழுதாக ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

நிரலில் இரண்டே உருப்படி. ஹைடன் என்கிற இசையமைப்பாளரின் ஓபஸ் 33 எண் 2 (ஓபஸ் என்பது படைப்பு எண்). அப்புறம் டுவோர்ஷாக் என்பவரின் ஓபஸ் 96. அதற்கு முன் ஓர் இசை அறிஞர் அரை மணி நேரம் பேசுவாராம், நடுநடுவே நால்வரும் துண்டு துண்டாக வாசித்துக் காட்டுவார்களாம். இடைவேளை கிடையாது.

எனக்குப் பயமே அந்த லெக்சர்தான். ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேனா, அல்லது அதைத் தவிர்த்துவிட்டு நேரே கச்சேரிக்குப் போய்விடலாமா? முன்கூட்டியே இரண்டையும் கேட்டுத் தயாராகிவிட்டுப் போக வேண்டுமா? எங்கே கைதட்டுவது என்பது வேறு ஒரு கவலை, தப்பான இடத்தில் தட்டினால் மொத்த அரங்கமும் திரும்பிப் பார்க்கும் என்கிறார்கள். இன்னொன்று, இரண்டாவது டிக்கெட்டுக்கு என் பத்து வயது மகளை அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஆனால் சும்மா உட்காரத் தெரிந்தவள்.


நாலாம்வரிசை:

நல்ல நிரல் மாட்டியிருக்கிறது உங்களுக்கு. ஹைடன் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், டுவோர்ஷாக் இருபத்தைந்து நிமிடம் அல்லது கொஞ்சம் கூட. லெக்சரைச் சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடலாம். முதல் தடவையே பீத்தோவனின் ஓபஸ் 131 மாதிரி ஏழு பகுதிகளையும் நிறுத்தாமல் நாற்பது நிமிடம் வாசிக்கிற ஒன்றில் போய் மாட்டாமல் தப்பித்தீர்கள்.

காலைக் கச்சேரி என்றதும் ஏதோ இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். பீத்தோவனின் புகழ்பெற்ற 'க்ரொய்ட்சர்' சொனாட்டா முதன்முதலில் மேடையேறியது வியன்னாவில் அவுகார்டன் பூங்கா மண்டபத்தில், 1803 மே 24 அன்று, காலை எட்டு மணிக்கு. பியானோவில் பீத்தோவன், வயலினில் ப்ரிட்ஜ்டவர். இரண்டாம் பகுதிக்கு வயலின் பிரதி எடுத்து முடிக்க நேரமில்லாமல் ப்ரிட்ஜ்டவர் பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியையே பார்த்து வாசித்தார். இன்றைக்கும் லண்டன் விக்மோர் ஹாலிலும் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபௌவிலும் ஞாயிறு காலைக் கச்சேரிகள் நிரம்பி வழிகின்றன. காலையில் காது சுத்தமாக இருக்கும், நாள் முழுக்கக் கேட்ட சத்தமெல்லாம் தேங்கி நிற்காது. இது என் கட்சி, மற்றவர்கள் சண்டைக்கு வரலாம்.

லெக்சரைத் தவிர்க்காதீர்கள். ஆனால் அதில் சொல்கிற எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் முயலாதீர்கள். அவர் பத்து விஷயம் சொல்வார். வாசித்துக் காட்டுகிற துண்டுகளில் ஏதாவது ஒன்று உங்கள் காதில் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குள் போனால் போதும். அது முழு வாசிப்பில் எங்கே வருகிறது, யார் கையில் வருகிறது, எப்படி மாறி வருகிறது என்று தேடிக்கொண்டே போனீர்களானால் மற்றவை தானாகக் காதில் விழும். குறிப்பெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வாசிப்பு ஆரம்பித்த பிறகும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கைதட்டல் விஷயம்: இரண்டு உருப்படியும் நான்கு நான்கு மூவ்மென்ட், அதாவது பகுதி. இடையில் தட்டுவதில்லை, கடைசியில் மட்டும். யாராவது தட்டிவிட்டால் உலகம் இடிந்து விழாது, அந்தக் காலத்தில் தட்டியிருக்கிறார்கள், மறுபடி வாசிக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். 1826 மார்ச்சில் பீத்தோவனின் ஓபஸ் 130 முதன்முதல் வாசிக்கப்பட்டபோது நடுவிலிருந்த இரண்டு பகுதிகளைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள் ரசிகர்கள். இன்றைய பழக்கத்துக்கு ஒரே ஒரு விதி: நால்வரின் வில்லும் கீழே இறங்கி உடம்பு தளர்ந்த பிறகு தட்டுங்கள்.

உங்கள் ஹைடனில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்த குவார்டெட்டுக்கு 'ஜோக்' என்று பட்டப்பெயர். கடைசிப் பகுதியில் அவர் ஏமாற்று முடிவுகளாக வைத்திருக்கிறார். பிரெஸ்டோ என்கிற அதிவேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று நின்று நாலே தாளக்கட்டுக்கு மெதுவாகக் கம்பீரமாக வாசிப்பார்கள், பிறகு மறுபடி முதல் மெட்டு வரும், ஆனால் துண்டு துண்டாக. ஒரு துண்டு, மௌனம். அடுத்த துண்டு, மௌனம். மெட்டு முடிந்துவிட்டது என்று கையைத் தூக்கும்போது, முந்தையதைவிட நீளமான மௌனத்துக்குப் பிறகு முதல் துண்டை மட்டும் ரொம்ப மெலிதாக இன்னொரு தடவை வாசித்துவிட்டு எழுந்துகொள்வார்கள். பாதி அரங்கம் சிரிக்கும், பாதி முழிக்கும்.


கடைசிபெஞ்ச்:

நாலாம்வரிசை, அநியாயம். 1781இல் ஒரு மனுஷன் உட்கார்ந்து அவ்வளவு கவனமாக ஒரு வேடிக்கையை ஒளித்து வைத்திருக்கிறான், நீங்கள் அதை நாலு வரியில் போட்டு உடைத்துவிட்டீர்கள். முதல் தடவை கேட்கப் போகிறவருக்கு அந்த மௌனத்தில் "முடிந்ததா இல்லையா" என்கிற தவிப்புதானே மொத்த விளையாட்டும்!

லெக்சர்களோடு எனக்கு இருக்கும் பிணக்கும் இதுதான். பெரும்பாலான பேச்சாளர்கள் கச்சேரியில் தானாகக் கிடைக்க வேண்டியதை முன்னாலேயே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் இசையைப் பற்றியே பேசுவதில்லை. ஒரு லெக்சரில் பேசியவர் ஹைடனுக்குச் சம்பளம் கொடுத்த இளவரசர் வம்சத்தைத் தாத்தா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார், வாசிக்க வந்த நால்வரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாவமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அவசர அவசரமாக ஒரு துண்டு வாசிக்கச் சொன்னார்.

என் யோசனை: தாராளமாக லெக்சரை விட்டுவிடுங்கள். காதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்து படித்துக்கொள்ளலாம்.


பஞ்சமம்:

கடைசிபெஞ்ச் சொல்வது ஹைடனுக்குச் சரி, டுவோர்ஷாக்குக்கு ஒத்துவராது. வழிப்போக்கன் கர்நாடக சங்கீதம் கேட்டவர் என்பதால் அவருக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும், அதை எந்த லெக்சர்காரரும் சொல்ல மாட்டார்.

ஓபஸ் 96 ஆரம்பிக்கும்போது வயலின்கள் மேலே மெலிதாக நடுங்கிக்கொண்டிருக்கும், செல்லோ அடியில் ஒரே சுரத்தைச் சுருதி மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதன் நடுவில் வியோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம், மெட்டைத் தொடங்கும். வயலினுக்குக் கொடுக்காமல் வியோலாவுக்குக் கொடுத்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன், டுவோர்ஷாக் இளம் வயதில் ஆர்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்துப் பிழைத்தவர். அந்த மெட்டின் சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் ஷட்ஜம் என்று வைத்தால் ச ரி க ப த. மத்திமம் இல்லை, நிஷாதம் இல்லை. மோகனத்தின் ஐந்து சுரங்கள்.

அதற்காக மோகனம் கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். கமகம் கிடையாது, சுரங்கள் நேராக நிற்கும், ராகத்தின் பிடிகள் எதுவும் வராது. ஏறி இறங்குகிற வெளிச்சம் மட்டும் தெரிந்த மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், நம் காதுக்கு விசித்திரமாகப் படப்போவது ஆதார ஷட்ஜம் நகர்வது. கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு மெட்டு ஏ மேஜரில் வரும், அதாவது பழைய காந்தாரம் புதிய ஷட்ஜமாகிவிடும். கிரகபேதம் (அதே சுரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக வைத்து வேறு ராகம் காட்டுவது) என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மோகனத்தில் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் ஹிந்தோளம் வந்திருக்க வேண்டுமே, இங்கே வராது. சுருதிப்பெட்டியையே மாற்றி வைத்துவிட்டுப் புது சுருதியில் பாடுகிற கதை இது. பிறகு எல்லாம் சுற்றிவிட்டு எஃபுக்குத் திரும்பி அதே வியோலா மெட்டு வரும்போது, நம் காதுக்கு அது வீடு வந்து சேர்ந்த உணர்வைக் கொடுக்கும். முதல் பகுதிக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

எழுதிய கதையும் அழகு. நியூயார்க்கில் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) இயக்குநராக இருந்தவர், 1893 கோடையில் விடுமுறைக்கு அயோவாவில் செக் மக்கள் குடியேறியிருந்த ஸ்பில்வில் என்ற சின்ன ஊருக்குப் போகிறார். போன சில நாளிலேயே, ஜூன் 8 முதல் 10 வரை மூன்று நாளில் மொத்த வரைவையும் முடித்துவிட்டார், 23ஆம் தேதிக்குள் முழுதும் தயார். அங்கே கேட்ட ஒரு பறவையின் குரலை மூன்றாம் பகுதியில் முதல் வயலினுக்கு உச்சத்தில் கொடுத்திருக்கிறார்.


வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மோகனம் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அந்த ஆரம்பத்தைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, ஆனால் கடைசிபெஞ்ச் திட்டுவாரோ என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஹைடன் ரகசியம் உடைந்தது உடைந்ததுதான், பரவாயில்லை. மகளிடம் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கே உட்காருவது? இருக்கை எண் இல்லை, முதலில் வருகிறவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாமாம். இரண்டாவது, நடத்துனர் இல்லாமல் நாலு பேர் எப்படிச் சேர்ந்து ஆரம்பிக்கிறார்கள்? மிருதங்கக்காரர் மாதிரி யாராவது தாளத்தைக் கட்டிப் பிடிக்கிறார்களா?


செல்லோக்காரி:

நான் பொழுதுபோக்காக நண்பர்களோடு குவார்டெட் வாசிக்கிறவள், மேடைக்குப் போகிற தரமெல்லாம் இல்லை. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: முன்னால், அவர்கள் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். மூன்றாவது நான்காவது வரிசையில் மேடைக்கு நேராக இடம் கிடைத்தால் விடாதீர்கள். நான்கு வாத்தியமும் நன்றாகக் கலந்து கேட்க வேண்டுமானால் இன்னும் பின்னால் போகலாம், ஆனால் முதல் தடவைக்குக் கண்ணால் பார்ப்பது காதுக்குப் பெரிய உதவி. யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தானே பேச்சைத் தொடர முடியும்.

சேர்ந்து ஆரம்பிப்பது மூச்சில். முதல் வயலின் வாசிக்கிறவர் வாத்தியத்தின் தலையை லேசாக உயர்த்தி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், சின்ன அரங்கமானால் அந்த உறிஞ்சல் சத்தமே கேட்கும். அந்த மூச்சின் வேகம்தான் வரப்போகிற காலப்பிரமாணம். மெதுவான பகுதிக்கு மெதுவாக இழுப்பார், வேகமானதற்குச் சட்டென்று. எப்போதும் முதல் வயலினே ஜாடை கொடுப்பார் என்றும் இல்லை, மெட்டு யாரிடம் இருக்கிறதோ, உள்ளே யார் தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ அவர் கண்ணைத் தூக்குவார். அநேகமாக இரண்டாம் வயலினும் வியோலாவும்தான் இந்த வேலையெல்லாம் பார்ப்பது, பேர் வாங்குவது முதல் வயலின்.

இடப்பக்கம் ஓரத்தில் முதல் வயலின், பெரும்பாலும் அடுத்து இரண்டாவது. வலப்பக்கம் குழுவுக்குக் குழு மாறும். சில குழுக்களில் செல்லோ வெளி ஓரத்தில், சிலவற்றில் வியோலா. வியோலா வலது ஓரத்தில் இருந்தால் அதன் ஒலித் துளைகள் மேடையின் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், சத்தம் நம் பக்கம் நேராக வராது. டுவோர்ஷாக் ஆரம்பத்துக்கு இது முக்கியம், அந்த மெட்டை வியோலாக்காரர் கொஞ்சம் உடம்பைத் திருப்பி நம் பக்கம் காட்டி வாசிக்கிறாரா என்று பாருங்கள்.

மகளைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். ஹைடனின் இரண்டாவது பகுதியில் நடுவில் ஒரு இடம் வரும், நாட்டுப்புற நடனம் மாதிரி. அங்கே முதல் வயலின் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஹைடன் விரல் எண்களையே குறித்து வைத்திருக்கிறார். நம் ஆட்களுக்கு ஜாரு ஒன்றும் புதிதில்லை, ஆனால் அவ்வளவு கண்ணியமாக வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இப்படி வழுக்கினால் குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிடும். பின்னால் வந்த பல பதிப்புகளில் அந்த விரல் எண்களை எடுத்துவிட்டார்கள், அதனால் சிலர் வழுக்காமல் சுத்தமாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

கோட்டு சூட்டு எதுவும் வேண்டாம். இருமல் வரும் என்று தோன்றினால் மிட்டாயின் தாளை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பகுதியில் அந்தத் தாள் சரசரக்கிறது இருக்கிறதே, கைதட்டலைவிட ஆயிரம் மடங்கு பாவம்.


நாலாம்வரிசை:

கடைசிபெஞ்ச் கோபம் நியாயம்தான், ஆனால் ஹைடன் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. முடிவு தெரிந்தால் வேடிக்கை செத்துப்போகும் என்றால் இந்த குவார்டெட்டை இரண்டாம் தடவை யாரும் கேட்கவே மாட்டார்கள். தெரிந்த பிறகு கவனம் வேறு பக்கம் போகிறது. அந்த மௌனங்களை ஸ்கோரில் (இசைக்குறிப்புப் பிரதியில்) தாளக்கட்டு எண்ணி எழுதியிருக்கிறார், ஆனால் குழுவினர் அதற்குள் நடிக்கலாம். சிலர் வில்லைத் தூக்கியபடியே சிலை மாதிரி இருப்பார்கள், சிலர் முடிந்துவிட்டது போல வில்லைப் பாதி இறக்கி அரங்கத்தை ஏமாற்றுவார்கள், சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்கள். தெரியாதவர் ஒரு தடவைதான் ஏமாறலாம். தெரிந்தவர் பக்கத்து இருக்கைக்காரர் ஏமாறுவதையும் சேர்த்துப் பார்க்கலாம். வழிப்போக்கனுக்குப் பக்கத்தில் மகள் இருக்கப்போகிறாள், இதைவிட என்ன வேண்டும்?

ஒரு நல்ல லெக்சரும் இதைத்தான் செய்யும். முடிவைச் சொல்லாமல் முடிவு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும். பேசுகிறவர் அந்தக் கடைசிப் பகுதியின் முதல் மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லி, இதில் எத்தனை துண்டு இருக்கிறது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் அவர் கெட்டிக்காரர்.


கடைசிபெஞ்ச்:

அப்படிப்பட்ட கெட்டிக்காரர் வந்தால் நானும் லெக்சருக்கு வருகிறேன். மகளிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அது போதும் எனக்கு. ஆனால் லெக்சரில் அவர் போட்டு உடைத்தால் அவள் காதைப் பொத்திவிடுங்கள்.


வழிப்போக்கன்:

சரி, போகிறோம், லெக்சருக்கும் சேர்த்து. கடைசியாக ஒன்று: முன்னாடி எதைக் கேட்டுவிட்டுப் போவது, எதைக் கேட்காமல் போவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறீர்கள்.


பஞ்சமம்:

ஹைடனைத் தொடாதீர்கள். டுவோர்ஷாக்கில் இரண்டாம் பகுதியை மட்டும், லென்டோ (மெதுவாக) என்று போட்டிருக்கும், வேறு வேலை எதுவும் பார்க்காமல் ஒரு தடவை கேளுங்கள். டி மைனரில் வயலின் ஒரு நீண்ட மெட்டை எடுக்கும், அதே மெட்டைக் கடைசியில் செல்லோ எடுத்துக்கொள்ளும். நிரவல் மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள், மெட்டு பெரிதாக மாறாது, அடியில் மற்றவர்கள் செய்வதுதான் மாறிக்கொண்டே இருக்கும். முதல் பகுதியின் ஆரம்பத்தை நேரில் கேளுங்கள், கை துறுதுறுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.


செல்லோக்காரி:

ஆமாம், லென்டோ மட்டும். செல்லோ கடைசியில் வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. (அதற்காகவும்தான்.)

லெக்சர் முடிவில் கேள்வி கேட்க நேரம் கொடுத்தார்கள் என்றால் டுவோர்ஷாக் ஆரம்பத்தை வயலின்களும் செல்லோவும் இல்லாமல் வியோலா மட்டும் தனியாக வாசிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சமம் சொன்ன ஐந்து சுரங்களும் அப்போது தெளிவாகக் காதில் விழும். மறுக்க மாட்டார்கள், வியோலாக்காரர்களிடம் யாரும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பதே இல்லை.